சிலிப்பர் அக்கா செய்த லோகோ

அட்டன் பட்டணத்தில் யாரிடமும் எதையும் கேட்காமலே வாழ்ந்து காட்டுகிற ஆள் ஒருவர் உண்டென்றால் அது சிலிப்பர் அக்காதான். இங்கே எல்லோரும் கேட்கிறவர்கள். பஸ் போயிருச்சா என்று கேட்பார்கள். பஸ் கண் முன்னால் நிற்கும்போதே கேட்பார்கள். மழை வருமா என்று நனைந்துகொண்டே கேட்பார்கள். அக்கா கேட்க மாட்டார். கேட்டால் நமக்குத் தெரியாது என்பது அடுத்தவருக்குத் தெரிந்துவிடும், அது எதுக்கு என்பது அவர் கட்சி.

பெயரைக் கேட்டதும் எல்லோரும் அவர் காலைத்தான் பார்ப்பார்கள். செருப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தண்டவாளத்துக்குக் கீழே குறுக்கே கிடக்கும் கட்டைக்கு எங்கள் பக்கம் சிலிப்பர் கட்டை என்று பெயர். அக்காவின் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, கொட்டகலைப் பக்கம், ரயில் பாதைக்கு மேலே. அவருடைய அப்பாவுக்கு ரயில்வேயில் பாதை பார்க்கும் வேலை. அக்கா நடை பழகியதே அந்தக் கட்டைகள் மேல்தான். கால் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. தார் ரோட்டில் வந்தாலும் கட்டைக்குக் கட்டை தாண்டுவது போலத்தான் அடி வைப்பார். கோயிலைச் சுற்றினாலும் அதே எட்டுத்தான். படிக்கட்டில் மட்டும் கொஞ்சம் சிரமம். படி கட்டினவனுக்கு அளவு தெரியலை என்பார்.

ஒரு தடவை ஒரு கல்யாணத்துக்குப் போனார். மண்டபத்தில் இரண்டு கல்யாணம், மேலே ஒன்று, கீழே ஒன்று. எது நம்முடையது என்று வாசலில் நின்றவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கீழே போய் உட்கார்ந்தார். பெண்ணையும் தெரியவில்லை, மாப்பிள்ளையையும் தெரியவில்லை. அதற்காக எழுந்து வருகிற ஆளா? பரிசைக் கொடுத்தார், சாப்பிட்டார், சாம்பாரில் உப்புக் குறைவு என்று சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், குடும்பப் படத்தில் முன்வரிசையில் நின்றார். அந்தக் குடும்பம் இன்றைக்கும் தீபாவளிக்கு அவருக்குப் பலகாரம் அனுப்புகிறது. மேல் மாடிக் குடும்பம்தான் பேசுவதில்லை.

நான் அவரைச் சந்தித்தது பட்டணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில். பேனர், கல்யாணக் கார்டு, கடைப் பலகை எல்லாம் வடிவமைக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. நான் பேனர் கடையில் ஏணி ஏறிக் கட்டுகிறவன். ஏறினது போதும், உட்கார்ந்து செய்யவும் பழகு என்று முதலாளி அனுப்பினார். மற்றவர்கள் ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பிள்ளைகள். அக்கா எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். சொல்லிக்கொடுத்த சேருக்கும் மூத்தவர்.

பிள்ளைகள் பொழுது போக வந்தார்கள். அக்கா அப்படி வரவில்லை. அவர் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். கணவர் சாகவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டார். மகளைத் தங்கச்சி வளர்த்தாள். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தபோது மகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். பிறகு வெளியே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்.

"நீங்க திருப்பி எப்ப போவீங்க?"

போக மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். சொல்லிவிட்டால் ஆயிற்றா? வேலை வேண்டும். ஏஜன்ட் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக்கொண்டே இருந்தார். குவைத்தில் நல்ல வீடு, சின்னக் குடும்பம், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். பட்டணத்தில் ஒரு வேலை கிடைத்தால் அக்கா தப்பினார். கிடைக்காவிட்டால் பெட்டி மறுபடியும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரும். வகுப்பில் எல்லோருக்கும் இது தெரியும். அக்காவே முதல் நாள் சொல்லிவிட்டார். கேட்கத்தான் மாட்டாரே தவிர, சொல்லுவார்.

அதே முதல் நாள் சேர் எல்லோருக்கும் மவுஸ் கொடுத்தார். இது எலி மாதிரி, அதனால்தான் இந்தப் பெயர் என்றார். சொல்லிவிட்டு வேறு பிள்ளையைக் கவனிக்கப் போய்விட்டார். அக்கா பார்த்தார். எலி என்றால் வால் பின்பக்கம்தான் இருக்கும். வயரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். கை மேலே போனால் திரையில் அம்பு கீழே போனது. கை இடது பக்கம் போனால் அம்பு வலது பக்கம் போனது. வேறு யாராவது என்றால் சேரைக் கூப்பிட்டிருப்பார்கள். அக்கா, இந்தச் சாமானே இப்படித்தான் போல என்று நினைத்து அதற்கு ஏற்ற மாதிரி கையைப் பழக்கிக்கொண்டார். கிளிக் செய்ய விரல் எட்டாது, உள்ளங்கையால் ஒரு அழுத்து. சேர் இதைக் கண்டுபிடித்தபோது மாதம் ஓடிவிட்டது. நேராகத் திருப்பி வைத்தார். அக்காவால் ஒரு கோடு போட முடியவில்லை. சேர் பேசாமல் பழையபடி திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

கடைசி வேலை ஒன்று கொடுத்தார்கள். அதில்தான் சான்றிதழ். அதைப் பார்க்க எங்கள் முதலாளியும் வருவார், பிடித்த ஒரு ஆளைக் கடைக்கு எடுத்துக்கொள்வார் என்று சேர் சொன்னார். பிள்ளைகளுக்கு அது ஒரு செய்தி. அக்காவுக்கு அதுதான் எல்லாம்.

என்ன வேலை என்று சேர் விளக்கமாகச் சொன்ன அன்றைக்கு அக்கா பிந்திவிட்டார். அவர் தண்டவாளத்தோடேயே நடந்து, சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து வருகிறவர். அன்றைக்கு ஒரு ரயில் சுரங்கத்து வாசலில் நின்றுவிட்டது. அது நகரும் வரைக்கும் இவர் அந்தப் பக்கம் நிற்க வேண்டியதாகிவிட்டது. வந்து சேர்ந்தபோது சேர் போய்விட்டார். பலகையில் ஒரு வரிதான் இருந்தது.

"கற்பனை வியாபாரம் ஒன்றுக்கு லோகோ செய்து வரவும்."

கடைப் பலகையில், பையில், பில்லில் எல்லாம் போடுகிற அடையாளச் சின்னத்தை சேர் கேட்டிருந்தார். ஆனால் ரயில் பாதை ஓரத்தில் பிறந்தவர்களுக்கு லோகோ என்றால் எஞ்சின். நாவலப்பிட்டியில் எஞ்சின்கள் நிற்கிற இடத்துக்கு லோகோ ஷெட் என்றுதான் சொல்லுவார்கள். இங்கிலீசில் இரண்டுக்கும் வேறு எழுத்தாம். தமிழில் எழுதினால் ஒன்றுதான்.

அக்கா வரியை ஒரு தடவை வாசித்தார். தலையை ஆட்டினார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நாங்கள் எல்லோரும் தாளில் கிறுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா எங்களை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார். வரைந்துகொண்டே இருந்தால் எப்போது செய்வது என்பது அவர் கவலை. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். அவராக வந்து என்னிடம் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் எனக்காகக் கேட்டது.

"தம்பி, இன்னும் சக்கரம் தேடலையா?"

நிறங்களை வட்டமாக அடுக்கி, இதற்கு இது பொருந்தும் என்று காட்டுகிற வர்ணச் சக்கரம் ஒன்றை சேர் காட்டியிருந்தார். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"சக்கரம் கம்ப்யூட்டர்லயே இருக்கு அக்கா."

"உள்ளுக்கா?"

"ஆமா."

"ஓடுமா?"

"சுத்தும்."

அக்கா கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, எதுக்கும் நான் மூடியிலயே செஞ்சிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சேர் ஒரு நாள் வேலை எப்படிப் போகுது என்று விசாரித்தார். மூஞ்சி முடிஞ்சது சேர், பின்பக்கம்தான் பாக்கி என்றார் அக்கா. விசிட்டிங் கார்டும் சேர்த்துச் செய்கிறார் என்று சேர் சந்தோசப்பட்டார்.

அந்த நாள் வந்தது. முதலாளி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பட்டணத்துப் பழைய வியாபாரக் குடும்பம். அதிகம் சிரிக்க மாட்டார். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சலூனுக்கு இரண்டு இலை ஒரு மொட்டு. டயர் கடைக்கு இரண்டு இலை ஒரு மொட்டு, நடுவில் டயர். மீன் கடைக்குப் போட்ட பிள்ளை கொஞ்சம் யோசித்து மொட்டுக்கு ஒரு கண் வைத்திருந்தது. என்னுடையது கண்ணாடிக் கடை. அதற்கும் இரண்டு இலை ஒரு மொட்டுதான். தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஊரில் பென்சிலைக் கையில் எடுத்தால் அது தானாக வந்துவிடுகிறது. முதலாளி என் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. வைத்துவிட்டார்.

அப்போது அக்கா வந்தார். தலையில் ஒரு சாக்கு மூட்டை. மாடிப் படியோடு மல்லுக்கட்டி ஏறி வந்து மேசை மேல் இறக்கினார். சாக்கை அவிழ்த்தார்.

எஞ்சின்.

பிஸ்கட் டின்களை வெட்டி ஒட்டிச் செய்தது. மால்ட் போத்தல் மூடிகள் சக்கரம். முன்னால் டார்ச் பல்பு எரிந்தது. சிவப்புப் பெயின்ட், பக்கவாட்டில் வெள்ளை எழுத்து: சாயந்தரம் கம்பனி. அந்த மாடித் தளம் ஒரு பக்கம் சரிவு. அக்கா கையை எடுத்ததும் எஞ்சின் மேசையோடு ஓடி, சேருடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவிட்டு, முதலாளி முன்னால் போய் நின்றது. முதலாளி கையைத் தூக்கிக்கொண்டார்.

சேர் சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, லோகோ எங்க?"

"இந்தா நிக்குது."

"இது எஞ்சின்."

"ஆமா சேர். லோகோன்னா எஞ்சின்தானே. பஸ்ஸையா சொல்லுவாங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சேர் சிரிக்காமல் இருக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டார். பிறகு விளக்கினார். லோகோ என்றால் ஒரு சின்னம், பார்த்ததும் இன்ன கம்பனி என்று தெரிய வேண்டும் என்றார். அக்கா கேட்டுக்கொண்டே நின்றார். அவர் பையில் போன் அதிர்ந்தது. ஏஜன்ட். அந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார். சிரிப்பு அடங்கின பிறகும் போன் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அக்கா எடுக்கவில்லை. முகமும் மாறவில்லை.

"அப்ப நீங்க கேக்குறது மூஞ்சியில ஒட்டுறது" என்றார்.

"அப்படியும் சொல்லலாம்" என்றார் சேர்.

அக்கா எஞ்சினைத் திருப்பி அதன் முகத்தை முதலாளிக்கு நேராக வைத்தார். விளக்குக்குக் கீழே ஒரு படம் இருந்தது. கீழே அகலமாக ஒரு வளைவு, அதன் மேல் கவிழ்த்த மாதிரி இன்னொரு வளைவு. அவ்வளவுதான்.

ஆமை என்றது ஒரு பிள்ளை. தொப்பி என்றது இன்னொன்று. வேற்று கிரகத்திலிருந்து வருகிற பறக்கும் தட்டு என்று சத்தியம் செய்தது மீன் கடைப் பிள்ளை.

"தட்டு சரி. பறக்காது" என்றார் அக்கா. "இது சோத்துத் தட்டு. மேல இன்னொரு தட்டு வச்சு மூடியிருக்கு."

முதலாளி முதல் தடவையாக வாயைத் திறந்தார். எஞ்சினுக்கு எதுக்குச் சோத்துத் தட்டு என்று கேட்டார்.

அக்கா சொன்னார். பலகையில் கற்பனை வியாபாரம் என்று போட்டிருந்ததாம். எஞ்சின் வைத்துச் செய்கிற வியாபாரம் என்றால் பெரிய வியாபாரமாகத்தானே இருக்க வேண்டும் என்று யோசித்தாராம். தோட்டத்து ஆட்களைக் காலையில் கொழும்பு வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, சாயந்தரமே லயத்தில் திருப்பி இறக்குகிற ரயில் கம்பனி. யாரும் அங்கே தங்க வேண்டியதில்லை. கொழும்பு என்ன, பாதை போட்டால் குவைத்துக்கும் விடலாமாம்.

"தட்டு மூடியிருந்தா, அந்த வீட்டுக்கு ஒரு ஆளு வரணும்னு அர்த்தம்ங்க. எங்க கம்பனி அந்த ஆளக் கொண்டாந்து விட்ரும்."

 முதலாளி எஞ்சினைக் கிட்ட இழுத்து அதன் முகத்தைப் பார்த்தார்.

"எங்க வீட்லயும் மூடித்தான் வைப்பாங்க" என்றார். "நான் போறப்ப ஆறிப் போயிருக்கும்."

பிறகு வியாபாரக் குரலுக்கு வந்துவிட்டார். தகரத்தில் வரைந்தால் கடைக்கு ஆகாது, கம்ப்யூட்டரில் போட்டுக் காட்ட முடியுமா என்றார். அக்கா போய் உட்கார்ந்தார். வாலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கீழே ஒரு வளைவு, மேலே ஒரு வளைவு, உள்ளங்கையால் இரண்டு அழுத்து. நிறமும் போட்டாயிற்று. முதலாளி பின்னால் நின்று பார்த்தார். கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். கை ஒரு பக்கம் போகிறது, கோடு வேறு பக்கம் போகிறது, எனக்குத் தலை சுத்துது என்று சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் கடைக்கு வாங்க தங்கச்சி."

அக்கா எழுந்தார். கும்பிடுவார் என்று நினைத்தோம்.

"வாறேன். ஆனா அஞ்சு மணிக்கு விட்றணும்."

சேர் கண்ணை மூடிக்கொண்டார்.  எங்கள் கடையில் அந்த நேரத்துக்குப் போன ஆள் கிடையாது. முதலாளிகூடப் போனதில்லை.

"சீசன் நேரத்துல பிந்தும் தங்கச்சி. தேரு, தேர்தல்னு வந்தா ராவாகிடும்."

"அதுக்கு நான் குவைத்துக்கே போயிருவேனே."

அக்கா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சொல்வது போலச் சொன்னார். முதலாளி திரும்பவும் எஞ்சினைப் பார்த்தார். டார்ச் பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"காலையில எப்ப வருவீங்க?"

"நீங்க கடை தொறக்க வரும்போது வாசல்ல நிப்பேன்."

"சரி. அஞ்சு."

சேர் சான்றிதழில் நல்ல மார்க் போட்டார். கொஞ்சம் குறைத்துக்கொண்டார். தேத்தண்ணிக்காக.

அன்றைக்கு லயத்துக்குப் போனதும் மகள் வழக்கம்போலக் கேட்டாளாம், எப்ப போவீங்க என்று. இதை அக்கா கடையில் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், ஒரு பேனரை மடித்துக்கொண்டே.

"நாளைக்குக் காலையிலன்னேன். புள்ள மூஞ்சி செத்துப் போச்சு. சாயந்தரம் வந்துருவேன்னேன். நம்பல. மறுநாள் வந்து நின்னேன். அப்பவும் நம்பல. அந்த வாரம் முழுக்க வந்து நின்னேன். அப்புறந்தான் கேக்குறத விட்டுச்சு."

கடைக்கு வந்த பிறகு அக்கா திருந்தினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வருகிறவர்களிடம் ஒன்றும் கேட்க மாட்டார். பெண் பிள்ளை பெரியவளாகும்போது செய்கிற சாமத்தியச் சடங்குப் பேனருக்குப் பிள்ளையின் பெயரை எழுதாமல் விட்டுப் போனால், அவரே ஒரு நல்ல பெயராகப் பார்த்து வைத்துவிடுவார். ஒரு வீட்டில் அந்தப் பெயரே நன்றாக இருக்கிறது என்று அதையே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

போன மாதம் நடந்ததுதான் பெரிது. டயகமப் பக்கத்திலிருந்து கண்ணீர் அஞ்சலிப் பேனருக்குப் படம் வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். படத்தில் இரண்டு ஆண்கள், தோளில் கை போட்டு நிற்கிறார்கள். ஒருவர் சிரிக்கிறார். ஒருவர் உம்மென்று இருக்கிறார். இறந்தது யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அக்கா இரண்டு முகத்தையும் பார்த்தார். சோகமாக இருந்தவரை வெட்டி எடுத்துப் போட்டுவிட்டார். மாலை, விளக்கு, இரண்டு பக்கமும் புறா. நல்ல வேலை.

சாயந்தரம் பேனரை வாங்க ஒருவர் வந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. நான் பேனரை விரித்துக் காட்டினேன். அவர் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு பேனரைப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள்.

"செத்தது என் தம்பி" என்றார். "இது நான்."

முதலாளி எழுந்து வந்துவிட்டார். அக்காவைத் திட்ட வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அண்ணன் பேனரை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் வந்திருக்கேன். என் தம்பி பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்."

தம்பி போன பிறகு அவர் சிரித்தது அப்போதுதானாம். அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். பேனரைத் திரும்பச் செய்ய வேண்டும், அன்றைக்கே வேண்டும், மறுநாள் காலையில் பிணம் எடுப்பு. அக்கா மவுஸைப் பிடித்தார். சுவரில் மணி ஐந்து அடித்தது.

அக்கா நிமிரவில்லை. அவர் தவறு, அவரே முடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். முதலாளி மணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் போய் அக்காவின் பின்னால் நின்றேன்.

"எழும்புங்க தங்கச்சி" என்றார் முதலாளி. "இத இவன் முடிப்பான். அங்க புள்ள பாத்துக்கிட்டு நிக்கும்."

அக்கா யோசித்தார். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. மூலையில் கிடந்த குடையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தது, நாங்கள் சாகடித்த அந்த அண்ணன்தான்.